ஒரு வரி கட்டிப் பாருங்க பாஸ்!

காலை ஆறு மணி. நீங்கள் அநேகமாக ஹாஸ்டலில் போர்வைக்குள் இருப்பீர்கள். (மற்ற நாட்களில் நானும் அப்படித்தான். பொய் சொல்ல மாட்டேன்!) அந்த நேரத்தில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தினமும் ஒரு 'கேம்பஸ் இன்டர்வியூ' நடக்கிறது. ஆப்டிட்யூட் டெஸ்ட் கிடையாது. குரூப் டிஸ்கஷன் கிடையாது. டை கட்டிக்கொண்டு 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' என்று கேட்கிற ஹெச்.ஆரும் கிடையாது.

டீக்கடை வாசலில் நாற்பது, ஐம்பது பேர் நிற்பார்கள். ஆண்கள் தோளில் ஆளுக்கொரு பை. அதற்குள் கரணை, தூக்குக்குண்டு, ரசமட்டம், நூல்கண்டு. இன்னொரு பக்கம் தூக்குவாளியோடு பெண்கள். எக்ஸெல் வண்டியில் ஒரு மேஸ்திரி வந்து காலை ஊன்றுவார். "பூச்சு வேலை. ரெண்டு கொத்தனாரு, மூணு சித்தாளு. யாரு வர்றீங்க?" பையைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார். மொத்தம் முப்பது செகண்ட். "நீ வா... நீ வா." ஆஃபர் லெட்டர் அவ்வளவுதான்!

எட்டு, எட்டரைக்குள் கூட்டம் கரைந்துவிடும். யாரும் கூப்பிடாதவர்கள் இன்னொரு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவார்கள். அவர்களுக்கு அன்றைக்குச் சம்பளம் இல்லை. சாப்பாட்டுத் தூக்கு மட்டும் நிறைஞ்சபடியே வீட்டுக்குப் போகும்.

போன லீவில் ஒரு திங்கட்கிழமை, அந்தக் கூட்டத்தில் நானும் போய் நின்றேன்.

எதற்கு என்கிறீர்களா? இந்தப் பத்திரிகையில் மாணவ நிருபராகச் சேர்ந்தபோது, "உனக்கு நல்லாத் தெரிஞ்ச உலகத்தைப் பத்தி எழுது" என்றார்கள். நான் சிவில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். ஊர், திண்டுக்கல் பக்கம். வீடு கட்டுகிற வேலைதான் எனக்கு நல்லாத் தெரிஞ்ச உலகம்னு ஒரு நினைப்பு. போய் நின்ற கால் மணி நேரத்தில் அது உடைந்தது.

ஒருவர்கூட என்னைக் கூப்பிடவில்லை. ஒரு மேஸ்திரி மட்டும் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காலேஜாப்பா? காலங்காத்தால வந்து ஏன் எங்க பொழப்புல விளையாடுற?" என்றார். அடுத்து வந்தவர் என்னை அடையாளம் கண்டுபிடித்து, வண்டியில் உட்கார்ந்தபடியே போனைப் போட்டார்... என் அப்பாவுக்கு! "அண்ணே, உங்க மகன் ஆள் நிக்கிற இடத்துல நிக்கிறாண்ணே. வீட்டுல எதுவும் பிரச்னையா?"

இப்போது சொல்லிவிடுகிறேன். என் அப்பா கொத்தனார். என் அம்மா சித்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா எதுவுமே பேசவில்லை. கரணையையும் தூக்குக்குண்டையும் கழுவி, துடைத்து, எப்போதும் வைக்கிற திண்ணையில் வைக்காமல் பரண் மேல் போட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் வாயைத் திறந்தார். "நான் நிக்கிறதே, நீ அங்க நிக்கக்கூடாதுன்னுதான்டா."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அதைவிட ஒரு கேள்வி பெரிதாக வந்தது. இந்த ஊரில் இருக்கிற ஒவ்வொரு கொத்தனாரும் தன் மகனிடம் இதையே சொன்னால், நாளைக்கு வீடு கட்ட யார் வருவா?

பாயின்ட் ஃபைவும் பெயின்ட் வாளியும்

அந்த லீவில் எனக்கு இன்-பிளான்ட் ட்ரெயினிங். ஒரு கான்ட்ராக்டரிடம், இரண்டு மாடி வீடு ஒன்று. முதல் நாள் ஹெல்மெட், புது ஷூ, பாக்கெட்டில் டேப் என்று கெத்தாகத்தான் போனேன். 'இஞ்சினீரு தம்பி' என்று கூப்பிட்டார்கள். மனசுக்குள் ஜிலுஜிலு!

பத்தாவது நாள் கூரை காங்கிரீட். மிக்ஸர் மெஷின் பக்கத்தில் நின்ற பையன், கலவை இளகலாக வரட்டும் என்று தண்ணீரை டியூபிலேயே திறந்துவிட்டான். இளகலாக இருந்தால் கொட்டுவது சுலபம், மட்டம் தட்டுவது சுலபம். ஆனால் பலம்? சிமென்ட்டோடு சேர வேண்டிய அளவுக்கு மேல் ஊற்றுகிற தண்ணீர் பின்னாடி ஆவியாகிப் போகும். போகிற வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை விட்டுவிட்டுப் போகும். நம்ம ஸ்லாப் அந்த ஓட்டைகளோடுதான் காலம் முழுக்க நிற்கணும். இதைப் பரீட்சையில் பதினாறு மார்க்குக்கு எழுதியவன் நான்.

ஓடிப்போய், "அண்ணே, வாட்டர் சிமென்ட் ரேஷியோ பாயின்ட் ஃபைவ்தான் இருக்கணும்!" என்றேன்.

மெஷின் சத்தத்தையும் மீறி ஒரு சிரிப்பு எழுந்தது. "பாயின்ட்டா? எந்த பாயின்ட்டு தம்பி, பிளக் பாயின்ட்டா?"

தப்பு யாருடையது சொல்லுங்கள். அவருக்கு ரேஷியோ தெரியாது என்பது உண்மை. எனக்கு அதை அவர் மொழியில் சொல்லத் தெரியாது என்பதும் உண்மைதானே? மூன்று வருடப் படிப்பு, மிக்ஸர் மெஷினுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது.

காப்பாற்றியது ஒரு அக்கா. ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தவர், பாண்டை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "அந்த பாயின்ட்டு கெடக்கட்டும் தம்பி. மூட்டைக்கு எத்தனை வாளின்னு சொல்லு. நான் எண்ணிக்கிறேன்."

மண்டையில் பல்பு எரிந்தது! ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. பாதி என்றால் 25 லிட்டர். அங்கே கிடந்தது 20 லிட்டர் பெயின்ட் வாளி. ஆக, மூட்டைக்கு ஒண்ணே கால் வாளி. மணல் ஈரமாக இருந்தால் கொஞ்சம் குறைச்சல். ஆணியால் வாளியில் கால் பங்குக்கு ஒரு கோடு கிழித்தோம். டியூப் ஓரமாகப் போனது. சாயங்காலம் வரைக்கும் அந்த அக்கா வாளியை விட்டு நகரவில்லை. "இளகலா விடுக்கா" என்று மேலேயிருந்து கத்தியவர்களுக்கும் அசைந்து கொடுக்கவில்லை.

மறுநாள் மேஸ்திரி எல்லார் முன்னாலும், "இனிமே காங்கிரீட்டுன்னா அந்தம்மாதான் வாளிகிட்ட" என்று அறிவித்தார். பெரிய பதவி உயர்வு! கூலி? அதே சித்தாள் கூலிதான். எங்கள் பக்கம் கொத்தனாருக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கிற இடத்தில் பெண் சித்தாளுக்கு அறுநூறைத் தாண்டாது.

வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடம்

அந்த சைட்டில் நான் போட்ட முதல் ஹோம்வொர்க், எல்லார் வயதையும் கேட்டது. மூன்று உள்ளூர் கொத்தனார்கள். மூவருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். இளவட்டமாக இருந்த ஐந்து பேரில் நாலு பேர் பீகார், ஒருவர் ஒடிசா. தமிழும் இந்தியும் கைஜாடையும் கலந்த ஒரு தனி மொழியில் வேலை ஓடுகிறது. 'பானி', 'மால்', 'சீதா', 'ஜல்தி'... இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வீட்டையே கட்டி முடித்துவிடுகிறார்கள்!

2020 ஊரடங்கு ஞாபகம் இருக்கா? வட மாநிலத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கிளம்பியபோது, பாதியில் நின்ற வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். யாரை நம்பி வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதே அப்போதுதான் பல பேருக்கு உறைத்தது.

சரி, ஒருவர் கொத்தனார் ஆவது எப்படி? சைட்டில் எல்லோரும் 'தாத்தா' என்று கூப்பிடுகிற மூத்த கொத்தனாரிடம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"எங்கப்பாவுக்குக் கையாளா போனேன். மூணு வருஷம் மண்ணும் கல்லும் சுமந்தேன். அவரு சாப்பிட உக்காரும்போது கரணையை எடுத்து ரெண்டு கல்லு வைப்பேன். வந்து பாத்து, கோணலா இருந்தா எத்தி விட்டுருவாரு. முதுகுலயும் ஒண்ணு விழும். அப்புறம் ஒருநாளு எத்தல. அன்னைக்கு நான் கொத்தனாரு."

கேட்கும்போது சினிமா மாதிரி இருக்கிறது இல்லையா? ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் விஷயம்.

"இப்ப யாரு தம்பி எத்தி விடுறா? சதுரடிக்கு இவ்வளவுன்னு பேசிட்டு வர்றோம். நாளு கடத்துனா மேஸ்திரிக்கு நஷ்டம். கல்லை உடைச்சா வீட்டுக்காரருக்கு நஷ்டம். கத்துக்குடுக்க எவனுக்கு நேரம் இருக்கு?"

அந்தக் காலத்துக் கற்றுக்கொடுத்தலில் அடி உண்டு, கூலி இல்லாத வருடங்கள் உண்டு. அதை நான் புகழ வரவில்லை. ஆனால் அதில் இருந்த ஒன்று இப்போது இல்லை: தப்புப் பண்ண இடம். நம்ம லேபில் எத்தனை காங்கிரீட் கியூபை உடைத்திருப்போம்? ரீடிங் தப்பா வந்தால் ரிப்பீட் போடுவோம். ஒரு புதுக் கையாள் எங்கே போய் ரிப்பீட் போடுவான்? அவன் கோணலாக வைக்கிற ஒவ்வொரு கல்லும் யாரோ ஒருவர் பேங்க் லோன் போட்டு வாங்கிய கல்!

பயிற்சியே இல்லை என்றும் சொல்ல முடியாது. தேடிப் பார்த்தேன். 1950-ல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் ஐ.டி.ஐ-களுக்கு ஒரு வருட 'மேசன்' பிரிவே இருக்கிறது. ஆனால் என்னோடு பத்தாவது படித்து ஐ.டி.ஐ. போன ஒருத்தன்கூட அதைக் கேட்கவில்லை. எல்லோரும் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர். எல் அண்ட் டி நிறுவனம் 1995-லேயே சென்னையில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று பயிற்சி நிலையம் ஆரம்பித்திருக்கிறது. கம்பி கட்டுவது, சென்ட்ரிங் தச்சு, கொத்து வேலை எல்லாம் சொல்லித் தருகிறார்கள். 2015-ல் வந்த மத்திய அரசின் திறன் திட்டத்தில், ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற பிரிவும் உண்டு.

எல்லாம் நல்லதுதான். எங்கே இடிக்கிறது?

பெரிய கம்பெனிக்கு மெட்ரோ ரயிலுக்கும் மேம்பாலத்துக்கும் ஆள் வேண்டும். அதற்குப் பயிற்சி கொடுக்கிறது. அதில் லாபக் கணக்கும் சரியாக வரும். ஆனால் நம்ம ஊரில் பெரும்பாலான வீடுகளைக் கட்டுவது கம்பெனி இல்லை. ஒரு மேஸ்திரி, அவர் பின்னால் ஆறேழு பேர். இந்த வீட்டில் மூன்று மாதம், அடுத்த வீட்டில் இரண்டு மாதம். அந்த மேஸ்திரி கைக்காசைப் போட்டு ஒருவனைத் தயார் செய்தால், அவன் அடுத்த மாதமே நூறு ரூபாய் கூடக் கொடுக்கிற இன்னொரு மேஸ்திரி வண்டியில் ஏறிவிடுவான். அப்புறம் எவர் சொல்லிக்கொடுப்பார்?

தொழிலாளி பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வாரம் பயிற்சிக்குப் போனால் ஒரு வாரக் கூலி போச்சு. அடுத்த வாரம் வட்டிக்காரருக்கு யார் பதில் சொல்வது? இதைப் புரிந்துகொண்டு வந்த ஒரு திட்டமும் கண்ணில் பட்டது. சென்னைக்குப் பக்கத்தில் தையூரில், நல வாரியத்தில் பதிந்த கட்டுமானத் தொழிலாளர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி. இழக்கிற கூலிக்கு ஈடாக நாளொன்றுக்கு 800 ரூபாய் என்று 2023-ல் அறிவித்தார்கள். படிக்கும்போதே, 'யாரோ கூலிக்காரன் வீட்டில் சாப்பிட்டுப் பார்த்தவர் போட்ட திட்டம்' என்று தோன்றியது.

எங்கள் சைட்டில் இதைச் சொன்னேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எட்டுப் பேரிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். மூவரிடம்தான் இருந்தது. அதிலும் ஒருவர் புதுப்பிக்கவே இல்லை. 1994-ல் அமைந்த வாரியம் அது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால், பிள்ளைகள் படிப்புக்கு உதவி, விபத்துக்கு உதவி, அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. எனக்கு வருகிற படிப்பு உதவித்தொகையே அப்பாவின் அந்த அட்டையில் வருவதுதான். கட்டடச் செலவில் 1 சதவிகிதம் இவர்களுக்காகவே நல நிதியாக வசூலாகிறது. பணம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், நடுவில் ஒரு ஃபாரம்!

(ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஐந்து பேருக்கு விண்ணப்ப வேலையைப் பார்த்தேன். நான் அந்த சைட்டில் செய்த உருப்படியான இன்ஜினீயரிங் வேலை, வாளிக் கோட்டுக்கு அடுத்தபடி இதுதான்.)

பொண்ணு குடுப்பாங்களா?

'இளைஞர்களுக்கு உடம்பு வளையவில்லை' என்று சைட்டில் ஈஸியாகச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் நாள் முழுக்க வெயிலில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். மழையிலும் போகிறான். அவனுக்கா உடம்பு வளையவில்லை? "கொத்தனார் வேலையில இதைவிடக் கூட வரும்லடா?" என்று கேட்டேன்.

"வரும் மச்சி. ஆனா கொத்தனாருன்னு சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்? இதுல டி-ஷர்ட்டு இருக்கு, போன்ல வேலை வருது. காலங்காத்தால ரோட்டுல நின்னு, 'நீ வா, நீ போ'ன்னு யாரும் மாட்டைப் பாக்குற மாதிரி பாக்க மாட்டான்."

எனக்குச் சுருக்கென்றது. கூலியைவிட, அந்த முப்பது செகண்ட் பார்வைதான் அவனைத் துரத்தியிருக்கிறது. வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் முதலில் ஆளாக மதிக்க வேண்டும். சைட்டில் குடிக்கத் தண்ணீர், பெண்களுக்கு ஒரு கழிப்பறை, சாரத்துக்கு நல்ல கட்டு, நாளைக்கும் வேலை உண்டா இல்லையா என்று முந்தின நாளே ஒரு வார்த்தை. கோடிக்கணக்கில் செலவாகிற சமாச்சாரம் எதுவும் இதில் இல்லை. ஒரு வீட்டுக்கே ஆறு கழிப்பறை கட்டுகிற சைட்டில், கட்டுகிறவர்களுக்கு ஒன்று இல்லை என்பதை நான் அங்கே பத்து நாள் கழித்துத்தான் கவனித்தேன். அதுவும் அந்த வாளி அக்கா காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்வதைப் பார்த்து, 'ஏன்க்கா' என்று கேட்டபிறகு.

அந்த அக்காவிடம் இன்னொன்றும் கேட்டேன். "ஏன்க்கா, இத்தனை வருஷம் ஆச்சே. நீங்க ஏன் கொத்தனார் ஆகலை?"

சிரித்தார். "நல்லா கேட்ட போ! கையாளா வர்ற பையன் மூணு வருஷத்துல கரணை பிடிச்சிருவான். நாங்க முப்பது வருஷம் சுமந்தாலும் சித்தாளுதான். எங்க கைல யாரு குடுக்குறா?"

கொடுத்த இடங்கள் இருக்கின்றன. அகமதாபாத்தில் 'சேவா' பெண்கள் அமைப்பு 2003-ல் கட்டுமான வேலைக்குப் பெண்களைத் தயார் செய்ய 'கர்மிகா' என்று ஒரு பள்ளியே தொடங்கியது. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகச் சேர்ந்து பயிற்சி எடுத்து வீடே கட்டுகிறார்கள். ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டக் கரணை பிடித்த பெண்களுக்கு 'ராணி மிஸ்திரி' என்று பெயர். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று நாம் புலம்புகிற இடத்தில், தலையில் பாண்டோடு பாதி ஆட்கள் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்!

இதையெல்லாம் வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே ஒருமுறை பரணைப் பார்த்தார்.

நம்ம சுவரு

லீவு முடிய ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கெல்லாம் பாத்ரூம் கட்டிக் கொடுத்த அப்பா, எங்கள் வீட்டுக் கொல்லைப்புற பாத்ரூமுக்குச் சுவர் எழுப்ப அன்றைக்குத்தான் நேரம் ஒதுக்கினார். நாலரை இஞ்சு சுவர். செங்கலை முந்தின ராத்திரியே நனைத்து வைத்திருந்தோம். (காய்ந்த கல் கலவையில் இருக்கிற தண்ணீரைக் குடித்துவிடும். புத்தகத்திலும் இருக்கிறது. அப்பா புத்தகம் படித்ததில்லை.)

இரண்டு வரி கட்டியதும் அப்பாவுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளாகவே கையை மேலே தூக்கச் சிரமப்படுகிறார். கரணையைக் கல் மேல் வைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட பாண்டு மேல் உட்கார்ந்தார்.

நான் கரணையை எடுக்கப் போனேன். "வைடா அதை" என்று ஒரு அதட்டல். அந்த நேரத்தில்தான் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் கரணையை எடுத்தார்.

நீங்கள் பார்த்திருக்கணும் பாஸ்! கலவையை அள்ளி, ஒரு இழுப்பில் பரப்பி, கல்லை வைத்து, கரணைக் காம்பால் ரெண்டு தட்டு. பிதுங்கிய கலவையை வழித்து அடுத்த கல்லுக்குத் தடவல். இணைப்புக்கு மேல் இணைப்பு வராமல் அரைக் கல் தள்ளி அடுத்த வரி. எனக்குத் தாடை விழுந்துவிட்டது.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பதினெட்டு வருஷமா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். கண்ணு என்ன பொட்டையா?"

அப்பா பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு வரி ஏறியதும் எழுந்து வந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டு கீழ் வரியைத் தொடாமல் விலகித் தொங்கியது. மேலே கால் இஞ்சு வெளியே வந்திருந்தது.

"பிரி."

"என்னது?"

"மேல ரெண்டு வரியையும் பிரிச்சுக் கட்டு. கலவை இறுகுறதுக்குள்ள."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, போன மாசம் அந்தப் புதுப் பையன் கட்டுன சுவரு இதைவிடக் கோணல். பூச்சுல சரி பண்ணிக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க? எனக்கு மட்டும் பிரிக்கணுமா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். "அது ஊரான் வீட்டுச் சுவரு. நாளு கணக்கு. அவனைப் பிரிக்கச் சொல்ல எனக்கு வழியில்ல. இது நம்ம சுவரு. இங்க தப்பு பண்ணலாம். பிரிச்சுக் கட்டு, வரும்."

அம்மா பிரித்தார். கல்லைக் கழுவினார். நூல் கட்டி, திரும்பக் கட்டினார். ஒவ்வொரு வரிக்கும் தூக்குக்குண்டு. மூன்றாவது வரியில் இன்னொரு முறை பிரிக்க வேண்டி வந்தது. மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்குத்தான். சாயங்காலம் சுவர் என் இடுப்பைத் தாண்டி நின்றது. குண்டு, மேலிருந்து கீழ் வரை சுவரை உரசியும் உரசாமலும் தொங்கியது. அப்பா எத்தி விடவில்லை.

கடைசியில் என்னையும் ஒரு வரி வைக்கச் சொன்னார். அவராகவேதான் சொன்னார். ஒரு கனமீட்டர் சுவருக்கு 500 கல் என்று எஸ்டிமேஷன் பேப்பரில் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவன் நான். ஒன்பது கல் வைப்பதற்குள் முக்கால் மணி நேரம், இரண்டு விரலில் தோல் போச்சு. வரி, பாம்பு மாதிரி நெளிந்தது. "இன்ஜினீயர் சுவரு" என்று அம்மா சிரித்தார். பிரித்தோம்.

இது முடிந்து மூன்று மாதம் ஆகிறது. படத்தில் வருகிற மாதிரி மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. அப்பா தன் மேஸ்திரியிடம் அம்மாவைக் கொத்து வேலையில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்கண்ணே" என்று அவர் நழுவிவிட்டார். அம்மாவுக்கு இன்னமும் சித்தாள் கூலிதான். ஆனால் காம்பவுண்டுச் சுவர், செப்டிக் டேங்க் மாதிரி வேலைகளில் மத்தியானத்துக்கு மேல் அப்பா தன் பக்கத்தில் அம்மாவை நிறுத்தி நாலு வரி வைக்கச் சொல்கிறாராம். தப்பானால் பிரிக்கிற நேரத்தைத் தன் டீ நேரத்தில் கழித்துக்கொள்கிறார். போன வாரம் ஊருக்குப் போனபோது திண்ணையைப் பார்த்தேன். பையில் இரண்டு கரணை இருந்தது.

சரி... உங்களிடம் என்ன கேட்கப் போகிறேன்?

உங்கள் காலேஜில் இந்த நிமிடம் ஏதாவது ஒரு மூலையில் புது பிளாக் ஏறிக்கொண்டிருக்கும். கேன்டீன் போகிற வழியில் தினமும் தாண்டித்தான் போவீர்கள். ஒருநாள் நில்லுங்கள். பேர் கேளுங்கள். வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பிக்க உதவுங்கள். உங்களுக்கு அரை மணி நேர வேலை, அவர்களுக்குப் பிள்ளையின் படிப்பு. சிவில் படிக்கிறவர்கள் என்றால், 'ரேஷியோ'வை வாளியாக மாற்றிச் சொல்லப் பழகுங்கள். நாளைக்கு நீங்கள் சைட் இன்ஜினீயர் ஆனால், வாரத்தில் ஒரு மணி நேரமாவது, ஓரமாக ஒரு சுவரில், மண் கலவையில் கட்டவிட்டுப் பிரிக்கவிடுங்கள். கற்றுக்கொள்கிறவருக்கு அந்த ஒரு மணி நேரத்துக்கும் கூலி கொடுங்கள். அந்த வரிசையில் சித்தாள் அக்காக்களையும் நிறுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. பக்கத்தில் இருக்கிற கொத்தனாரிடம் கேட்டு, ஒரே ஒரு வரி கட்டிப் பாருங்க பாஸ். கோணலாத்தான் வரும். பரவாயில்லை, அவர் பிரிக்கச் சொல்வார். பிரிச்சுக் கட்டுங்க!